மஞ்சள் ஒயர்

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இளையவனுக்கு மூச்சு வாங்கியது. ஏசி மெக்கானிக் அவன். தினமும் இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிறவனுக்கு மூன்று மாடியெல்லாம் ஒரு பொருட்டா? இன்றைக்குக் கையில் இருந்தது ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஒரு குழந்தை தூக்கிவிடும். ஆனாலும் கால் எழவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவனுக்குக் கனம் மடியில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் அவன் இந்தப் படியை மிதித்தது நாலு தடவை. நாலு தடவையும் வாசலோடு பேசிவிட்டு, வேலை இருக்கு அண்ணி என்று சொல்லித் திரும்பிவிட்டான். இன்றைக்கு அப்படித் தப்பிக்க முடியாது. அண்ணியே வேலைக்கு லீவு போட்டுவிட்டு, போன் போட்டுக் கூப்பிட்டிருந்தாள்.

"தம்பி, அந்த டிவிடி ரெக்கார்டரை கம்ப்யூட்டரோட சேர்த்துக் கொடுங்க. நானும் ஒயரைச் செருகிப் பாத்துட்டேன். ஒண்ணும் வர மாட்டேங்குது."

"எந்த ரெக்கார்டர் அண்ணி?"

"அண்ணன் படுத்திருந்தப்போ நீங்க கேமரா மாட்டினீங்களே. நடுவுல ஒரு பெட்டி இருந்துச்சே, அதான். அது எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கு தம்பி. நாப்பத்தெட்டு நாளும் இருக்கு."

அவன் சரியென்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நடந்தது இதுதான். பெரியவன் விளம்பரப் பலகை எழுதுகிறவன். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தான். வலது கையையும் தலையையும் தவிர உடம்பில் எதுவும் அசையவில்லை. பேச்சும் போயிற்று. அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள், மத்தியானம் ரெண்டு மணி முதல் ஆறு மணி வரை. அந்த நாலு மணி நேரமும் இளையவன் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணனின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஓர் அழைப்பு மணி வைத்தார்கள். அறையில் ஒரு கேமராவையும் மாட்டினான். ஹாலில் உட்கார்ந்தபடியே டிவியில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பழைய டிவியில் மஞ்சள் ஒயர் செருக இருந்தது ஒரே ஓட்டை. அதில் ஏற்கெனவே ரெக்கார்டர் உட்கார்ந்திருந்தது. சரி, கேமராவை ரெக்கார்டர் வழியாகவே விடுவோம் என்று, ரெக்கார்டரில் செருகியிருந்த கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் கேமராவைச் செருகினான். படம் பளிச்சென்று வந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். அண்ணி வேலைக்குப் போகிற நேரத்தில் வரும் தொடர்களைப் பதிவதற்காக, பெரியவன் நன்றாக இருந்த காலத்திலேயே அந்தப் பெட்டியில் தினமும் ரெண்டு முதல் ஆறு வரை டைமர் வைத்திருந்தான். அதை யாரும் நிறுத்தவில்லை. கேமராவைக் கழற்றும் வரை, தொடர்களுக்குப் பதிலாகப் பெட்டி அண்ணனைப் பதிந்துகொண்டே இருந்தது.

நாற்பத்தெட்டாவது நாள் உட்பட.

கதவைத் திறந்த அண்ணி இளைத்திருந்தாள். "வாங்க தம்பி. வழி தெரிஞ்சுதா?" என்று கேலியாகத்தான் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

வீடு மாறவில்லை. வெளியே மப்பு போட்டிருந்ததால் ரெண்டரை மணிக்கே ஹாலில் மசமசவென்று இருட்டு. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பக்கத்திலிருந்து மருந்து வாடையும், காயாத துண்டின் வாடையும் கலந்து வந்தன. அண்ணி வீட்டைத் துடைக்காதவள் இல்லை. அவன் மூக்கைச் சுளித்ததை மறைத்துக்கொண்டான்.

"பழைய டிவி போன வாரம் உசிரை விட்டுடுச்சு," என்றாள் அண்ணி. "புது டிவியில இந்த மூணு கலர் ஒயருக்கு ஓட்டையே இல்ல. அது போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் தற்செயலா லிஸ்ட்டைப் பாத்தேன். அன்னிக்குத் தேதியும் இருந்துச்சு தம்பி."

"போட்டுப் பாத்தீங்களா?"

"தனியாப் பாக்கத் தைரியம் வரல." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "நீங்கதான் சொன்னீங்களே. கையைப் பிடிச்சுக்கிட்டீங்க, ரெண்டு வாய் தண்ணி குடுத்தீங்க, துண்டால வாயைத் தொடச்சு விட்டீங்க, அப்படியே தூங்கற மாதிரிப் போயிட்டாருன்னு. ஒரு வருஷமா நான் அதை நெனச்சுத்தான் ராத்திரி கண்ணை மூடறேன். ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்."

இளையவன் குனிந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினான். வேறு எங்கே முகத்தை வைப்பது?

அந்த மத்தியானம் அவன் அண்ணனின் கையைப் பிடிக்கவே இல்லை. பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு நண்பன் ஏதோ வேடிக்கைக் கதை சொன்னான், இவன் விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் மணி அடித்தது. கேட்டது. நன்றாகவே கேட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கிற மணிதானே, போர்வை விலகியிருக்கும், ரெண்டு நிமிஷத்தில் போகலாம் என்று இருந்துவிட்டான். மணி மறுபடி அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் போனபோது அண்ணன் கண்ணைத் திறந்தபடி ஆறிக் கிடந்தான்.

அண்ணி ஓடி வந்து கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னான். கை, தண்ணீர், துண்டு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அண்ணி நம்பியதால் இவன் புளுகு ஒரு வருஷம் தாங்கிவிட்டது.

"நீங்க எப்படிச் செருகினீங்க அண்ணி?" பேச்சை மாற்றினான்.

அவள் காட்டினாள். ரெக்கார்டரின் முன்பக்கத்து யூ.எஸ்.பி. ஓட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராக ஒரு ஒயர். "இது பென் டிரைவ் போடற ஓட்டை. இது வழியாப் பெட்டி எதையும் வெளிய விடாது," என்றான். தொழில் பேச்சு வந்ததும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "இந்தச் சின்ன டப்பாதான் வேணும். ரெக்கார்டர் பின்னாடி ரெண்டு வரிசை இருக்கு பாருங்க. ஒண்ணு உள்ள வாங்கறது, ஒண்ணு வெளிய விடறது. வெளிய விடற வரிசையில மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூணையும் செருகணும். டப்பாவோட மறுமுனை கம்ப்யூட்டர்ல. மஞ்சள்தான் படம், மத்தது ரெண்டும் சத்தம். இங்க ஓட ஓட அங்க பதியும். நாலு மணி நேரப் படம்னா நாலு மணி நேரம் ஆகும்."

"எத்தனை நேரம் ஆனா என்ன," என்றாள் அண்ணி. "டீ போட்டுட்டு வர்றேன். வந்ததும் சேர்ந்து பாப்போம்."

அவள் சமையலறைக்குள் போனாளோ இல்லையோ, இவன் விரல்கள் பறந்தன. ஒயர்களைச் செருகினான். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் திறந்தது. அதற்குள் ரெக்கார்டரின் பட்டியல் வரிசையாக வந்தது. நாற்பத்தெட்டு தேதிகள். கடைசித் தேதிக்கு ரிமோட்டை ஓட்டி, அழி என்றான். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்.

நாற்பத்தேழு.

நெஞ்சைப் பிடித்திருந்தது விட்ட மாதிரி இருந்தது. பாவம்தான், தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுப்பது மட்டும் புண்ணியமா என்று தனக்குத் தானே வக்கீலாகிக்கொண்டான்.

அண்ணி ரெண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டியலைக் கண்ணால் தடவினாள். "கடைசி நாள் எங்க?"

"அது பதியல போலிருக்கே அண்ணி."

"இருந்துச்சு தம்பி. நான் பாத்தேன்."

"உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் பழசாயிடுச்சு. ஒண்ணொண்ணாப் போக ஆரம்பிச்சிருக்கும்."

"அப்படின்னா போனதைக் கடையில குடுத்து மீட்க முடியும்ல? எங்க லேப்ல ஒரு தடவை அப்படித்தான் மீட்டாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. கத்தவும் முடியாது. அழித்ததை மீட்க ஆள் இருக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும். பெட்டியே செத்துப்போனதாகக் காட்டினால்தான் அண்ணி விடுவாள். "இருங்க, ஒயர் லூசா இருக்கான்னு பாக்கறேன்," என்று ரெக்கார்டருக்குப் பின்னால் கையை விட்டான். மஞ்சள் ஒயரை வெளியே விடுகிற வரிசையிலிருந்து உருவி, கீழே உள்ளே வாங்குகிற வரிசையில் செருகினான். இருபது வருஷ மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

வாங்குகிற ஓட்டையிலிருந்து எதுவும் வெளியே வராது. கிணற்றுக்குள் விடுகிற வாளியிலிருந்து மழை பெய்யுமா?

கட்டம் வெறும் நீலமாயிற்று.

"பாத்தீங்களா? மொத்தமாப் போச்சு அண்ணி," என்றான். குரலில் கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்தான்.

அண்ணி நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்குவது தெரிந்தது. இவன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

அப்போது நீலம் ஒரு தடவை துடித்தது.

கோடு கோடாக ஏதோ ஓடியது. பிறகு படம் நின்றது.

அண்ணனின் அறை.

மேலேயிருந்து பார்க்கிற கோணம். கட்டில், போர்வை, தலைமாட்டில் மருந்து மேஜை, பக்கத்தில் காலி நாற்காலி. சுவரில் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. படுக்கையில் பெரியவன் கண்ணைத் திறந்து கிடந்தான். சத்தம் இல்லை.

"வந்துடுச்சு தம்பி," என்றாள் அண்ணி மெல்ல. "அதே நாள்தான். அந்தப் பச்சைப் போர்வை அன்னிக்குத்தான் மாத்தினேன்."

இளையவன் எதையும் தொடவில்லை. ரிமோட் மேஜையில் கிடந்தது. மஞ்சள் ஒயர் இன்னும் தப்பான ஓட்டையில்தான் இருந்தது. தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

படத்தில் பெரியவனின் வலது கை ஊர்ந்து ஊர்ந்து மணியைத் தேடியது. அமுக்கியது. ஒரு தடவை. நின்று, இன்னொரு தடவை. அவன் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. தம்பி வந்துவிடுவான் என்று பார்க்கிற முகம்.

பார்க்க முடியவில்லை. இளையவன் அண்ணியின் பக்கம் திரும்பினான். போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், காலில் விழுந்துவிடலாம் என்று வாயெடுத்தான்.

படத்தில் கதவு திறந்தது.

ஒரு ஆள் உள்ளே வந்தான்.

அவனுடைய கம்பெனியின் நீலச் சட்டை. அவன் போலவே லேசாகச் சாய்ந்த தோள். கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பெரியவனின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

அண்ணியிடமிருந்து ஒரு கேவல் வந்தது. "சொன்ன மாதிரியே," என்றாள். "அப்படியே சொன்ன மாதிரியே தம்பி."

இளையவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன் அந்த அறைக்குள் போகவே இல்லை. அவனைவிட அது யாருக்குத் தெரியும்?

அண்ணிக்குக் கண்ணில் நீர் மறைத்தது. இவனுக்கு மறைக்கவில்லை. அதனால் அவள் பார்க்காததை இவன் பார்த்தான். பெரியவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விரல்கள் விரைத்து நீண்டன. கண்கள் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துப் பிதுங்கின. தம்பியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

நீலச் சட்டைக்காரன் மறு கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தான். பெரியவனின் வாயில் வைத்தான்.

ஒரு வாய்.

ரெண்டு வாய்.

டம்ளரை எடுக்கவில்லை.

'ரெண்டு வாய்தானே சொன்னேன்.' இளையவனின் உதடு தானாக அசைந்தது. 'ரெண்டு வாய்னுதானே சொன்னேன்.'

டம்ளர் அப்படியே இருந்தது. தண்ணீர் தலையணையில் வழிந்து, போர்வையில் வழிந்து, தரையில் சொட்டியது. ஒரு டம்ளரில் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது. பெரியவனின் கால்கள், ஏழு வாரம் அசையாத கால்கள், போர்வைக்குள் ஒரு தடவை உதைத்தன. பிறகு எதுவும் அசையவில்லை. அந்த ஆள் நிதானமாகத் துண்டின் நுனியை எடுத்து, பெரியவனின் வாயை ஓரம் ஓரமாக ஒற்றித் துடைத்தான்.

ஹாலில் ஈரத்துண்டு வாடை கெட்டியாக நின்றது.

இளையவன் பாய்ந்து ரெக்கார்டருக்குப் பின்னால் கையை விட்டு மஞ்சள் ஒயரைப் பிடுங்கினான். ஒயரின் முனை அவன் கையில் தொங்கியது. கட்டத்தில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. ரெக்கார்டரின் மின்சார ஒயரையும் இழுத்தான். பெட்டியின் விளக்கு அணைந்தது.

படம் அணையவில்லை.

"எதுக்கு நிறுத்தறீங்க?" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓடட்டும் தம்பி."

"அண்ணி." அவன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். கையில் இன்னும் மஞ்சள் ஒயர். "அது நான் இல்ல அண்ணி."

"என்ன சொல்றீங்க?"

"நான் அன்னிக்கு உள்ள போகவே இல்ல. பால்கனியில நின்னு போன் பேசிட்டு இருந்தேன். மணி அடிச்சுது. கேட்டுச்சு. நான் போகல. செத்தப்புறம்தான் போய்ப் பாத்தேன். கை பிடிச்சேன், தண்ணி குடுத்தேன்னு சொன்னதெல்லாம் பொய். சத்தியமாப் பொய்."

ஒரு வருஷம் நெஞ்சில் கிடந்தது நாலு வரியில் வந்துவிட்டது. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அடிக்கட்டும், வெளியே போடா என்று துரத்தட்டும், அண்ணன் பெயரைச் சொல்லிச் சபிக்கட்டும். எதற்கும் தயாராகத் தலையைக் குனிந்திருந்தான்.

அண்ணியின் கை அவன் தலைமேல் இறங்கியது. மெதுவாகத் தடவியது.

"பைத்தியம்," என்றாள் பரிவாக. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு உங்க மனசு அடிச்சுக்குது. அதான் இப்படியெல்லாம் பேசத் தோணுது. நான்தான் கண்ணால பாத்துட்டேனே. இனிமே நீங்களே வந்து மாத்திச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

"அண்ணி, பாருங்க, நல்லாப் பாருங்க. அவன் முகத்தைப் பாருங்க."

ரெண்டு பேரும் திரும்பினார்கள். படத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கட்டிலில் பெரியவன் கிடந்தான். அறைக் கதவு திறந்திருந்தது. அந்த ஆள் எழுந்து வெளியே போய்விட்டிருந்தான். கதவைத் தாண்டினால் இந்த ஹால்தான்.

இளையவன் முழங்காலில் நிமிர்ந்தான். அண்ணியைக் கூட்டிக்கொண்டு இப்போதே, இந்த நிமிஷமே வெளியே போய்விட வேண்டும். உண்மையைச் சொன்னதால் அவளை இழந்தால்கூடப் பரவாயில்லை, இங்கே அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"உங்க முகம் வெளுத்துப்போச்சு தம்பி," என்றாள் அண்ணி. "எனக்கும் தொண்டை வறண்டு கிடக்கு. இருங்க, தண்ணி கொண்டு வர்றேன்."

அவள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால், சாத்தியிருந்த அறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பணிவான, பழகிய குரல். இளையவனின் குரல்.

"நீங்க உக்காருங்க அண்ணி. நான் குடுக்கறேன்."

இளையவன் வாயைத் திறக்கவே இல்லை.

"சரி தம்பி," என்று சொல்லிவிட்டு, அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி உட்கார்ந்தாள். சமையலறையில் யாரோ குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.